வீட்டுக்கு வந்த ரெகுலேட்டர்

நிலோஜன் பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டான். இன்றைக்கு மனைவியிடம் பொய் சொல்வது. சின்னப் பொய்யில்லை, சிலிண்டர் அளவுக்குப் பெரிய பொய்.

அவனும் ஆர்த்திகாவும் செட்டிபாளையத்தில் காற்றுச் சிலிண்டர் கட்டித் தண்ணீருக்கடியில் சுழியோடிப் பிழைக்கிறவர்கள். அவள் வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகளைக் கடலுக்குள் இறக்கி மீன் காட்டுவாள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அவனுக்கு வாய்த்தது வாவி. தோணியிலிருந்து விழுந்த எஞ்சின், அறுந்த நங்கூரம் என்று எல்லாவற்றையும் சேற்றுக்குள் துழாவி எடுப்பான்.

சிலிண்டர் தலையில் ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்று ஒன்று பூட்டுவார்கள். உள்ளே நெருக்கிக் கிடக்கிற காற்றின் கொதியை அடக்கி, மனிசன் தாங்குகிற அளவில் வாய்க்கு அனுப்புகிற சாமான். அவனிடம் இருந்தது பழைய பிஸ்டன் வகை. போன முறை அதற்குள் சேறு ஏறி, காற்றை அடக்கமாட்டாமல் கொட்டித் தள்ள, மூஞ்சியெல்லாம் சேறும் நுரையுமாக மேலே வந்தான். தோணிக்காரர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. பாவம், அவனுக்கு அது பெரிய மானக்கேடு.

ஆர்த்திகாவுடையது அடியோடு பழுதாகிப் போக, கட்டாரில் இருக்கிற அவள் தம்பி புதிது ஒன்று அனுப்பினான். டயஃப்ரம் வகை. ரப்பர்த் தகடு காவல் நிற்கும், சேறும் உப்பும் எட்டிப் பார்க்காது. நிலோஜனுக்கென்றே செய்த மாதிரி. ஆனால் பொடியன் போனில் சொன்னது "வீட்டுக்கு அனுப்பியிருக்கன்" என்று. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, சீதனமாக எழுதிக் கொடுத்தது. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுகிறவர். வீட்டுக்கு எது வந்தாலும் நல்லதை வீட்டுக்காரி எடுப்பாள், மிச்சம் அவருக்கு. இதில் நியாயம் கேட்டு வென்ற மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

நிலோஜன் அந்த முறையையே பிடித்துக்கொண்டான். பழசுதான் நல்லது என்று அவளை நம்ப வைத்துவிட்டால் அதை அவளே எடுத்துக்கொள்வாள். புதுசு தானாக மடியில் விழும். தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

ஆர்த்திகா கிணற்றடியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இரண்டு சிலிண்டரையும் நிறுத்தி விளக்கத் தொடங்கினான். பழசில் உறுப்புக் கொஞ்சம், கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். தண்ணீர் உள்ளே போய் வருவதால் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். புதுசுக்குள் ஆயிரத்தெட்டுச் சில்லறை, ஒன்று போனால் கொழும்புக்கு ஓடவேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள்.

பழசைப் பூட்டி வால்வைத் திறந்தான். உஸ்ஸென்று ஒழுகியது.

"என்ன சத்தம் அது?"

"மூச்சு புள்ள. உசிரோட கிடக்கெண்டு அர்த்தம்."

புதுசைப் பூட்டித் திறந்தான். சத்தமே இல்லை.

"பாத்தியா, மூச்சுப் பேச்சில்ல. இத நம்பி எப்பிடி இறங்குற?"

அதோடு விட்டானா? அவசரத்தில் புதுசைத் தலைகீழாகப் பூட்டியிருந்தான். வலத்தோளால் வரவேண்டிய குழாய் இடத்தோள் பக்கம் தொங்கியது. அதையும் குறையாகவே சொன்னான். சாமானே கோணல், உன் தோளுக்குத் தோதுப்படாது என்றான். அவள் குழாயை ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு இறாலைப் பார்த்தாள்.

"அப்ப பழசுதான் திறமெண்டு சொல்லுறீங்க?"

"சத்தியமா."

ஆர்த்திகா கையைக் கழுவி எழும்பினாள். அவள் கை பழசை நோக்கிப் போனபோது நிலோஜனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது. அவள் அதைக் கழற்றித் துடைத்து, இரண்டு கையாலும் அவனிடமே நீட்டினாள்.

"முறைப்படி நல்லது எனக்குத்தான். ஆனா நான் தெளிஞ்ச தண்ணிக்க போறவள். சேத்துக்க போறது நீங்க. உங்களுக்கு ஒண்டெண்டா நான் என்ன செய்யிற? நல்லத நீங்களே வெச்சிருங்க. இந்தக் கோணலோட நான் எப்பிடியும் சமாளிக்கிறன்."

நிலோஜனுக்கு முழி பிதுங்கியது. புதுசும் அப்படி ஒன்றும் மோசமில்லை, யோசித்துப் பார்த்தால் சேற்றுக்குக் கூட ஒள்ளுப்பம், கொஞ்சமே கொஞ்சம், பரவாயில்லை என்று இழுத்தான்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க," என்றாள் அவள், கண் கலங்கினமாதிரி. கையோடு தம்பிக்குப் போன் எடுத்து, அத்தான் புதுசைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாராம், இப்படி ஒரு மனிசன் யாருக்குக் கிடைக்கும் என்று உருகினாள். அத்தானும் போனை வாங்கி, ஓம் மச்சான், ஓம் என்று உருகவேண்டி வந்தது.

அடுத்த நாள் கம்பஸ் பிள்ளைகள் வந்தார்கள். ஆர்த்திகா புதுசைத் தளர்த்தி, ஒற்றைக் கையால் நேராகத் திருப்பி இறுக்கினாள். குழாய் சொன்னபடி கேட்டு வலத்தோளில் வந்து படுத்தது. நிலோஜன் அதைப் பார்க்காதவன் மாதிரிப் பழசைத் தூக்கிக்கொண்டு குருக்கள்மடத்துப் பக்கம் எஞ்சின் எடுக்கப் போனான்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தவனின் மூஞ்சியில் பல்லைத் தவிர எல்லாம் சேறு. நேரே கிணற்றடிக்குப் போய், சேறு போகட்டும் என்று வால்வைத் திறந்தான். உஸ்ஸென்ற சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

குளித்துத் தலை உலர்த்திக்கொண்டிருந்த ஆர்த்திகா உள்ளே இருந்தபடியே கேட்டாள்:

"ரெண்டு பேரும் உசிரோடதான் வந்திருக்கிறீங்க போல?"