இரண்டாவது சனிக்கிழமை விறகு

"ஏனுங்க, 'தலைகள் ஜாக்கிரதை'ன்னு எழுதியிருக்குதுங்க" என்றாள் அன்புச்செல்வி.

கோடாலியை ஓங்கிய ஆல்வின் ஓங்கியபடியே திரும்பினான். கருவேல மரங்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மதில். அதில் ஒரு தகரப் பலகை. கொடி படர்ந்தது போக வெளியே தெரிந்த எழுத்துகளைத்தான் அவள் வகுப்பில் வாசிப்பதைப் போல நிறுத்தி வாசித்திருந்தாள்.

"யாரோட தலைங்க?"

"ஏதாச்சும் கட்சிக்காரங்க எழுதியிருப்பாங்க. நீ இந்தக் கட்டையப் பாரு. என்ன வைரம்!"

ஆல்வினுக்கு உடுமலைப்பேட்டை தொலைபேசி நிலையத்தில் வேலை. பெருந்துறையிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, லைன் கிடைக்காதவர்களின் வசவை வாங்கிக்கொள்வான். இரண்டாவது சனிக்கிழமை மட்டும் அவனுடையது. கோடாலியை டிவிஎஸ் 50-இல் கட்டிக்கொண்டு, அமராவதி அணைக்குக் கீழே இருக்கும் கருவேலங்காட்டுக்குக் கிளம்பிவிடுவான். கட்டை பிளக்கும் அந்தச் சத்தம், மூக்கில் ஏறும் அந்த வாசம், உள்ளங்கையில் கொப்புளிக்கும் அந்த எரிச்சல் எல்லாமே அவனுக்குச் சொர்க்கம். "நாங்க வயித்துக்கு வெட்டினோம், நீ சொகத்துக்கு வெட்டறே" என்று அவன் அம்மா சிரிப்பாள்.

அன்புச்செல்வி சிரிக்கவில்லை. வீட்டில் இரண்டு சிலிண்டர் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போகும் ஆம்பிளையை எந்தப் பெண் நம்புவாள்? நேரில் பார்த்துவிடுவது என்று இன்று கூடவே வந்துவிட்டாள். அவளுக்குக் காட்டுவதற்காக நல்ல காய்ந்த கட்டையாகத் தேடி, வழக்கமான இடத்தை விட்டு, ஒரு முள்கம்பி வேலிக்கு அடியில் தவழ்ந்து அவளை இங்கே கூட்டிவந்திருந்தான். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு கட்டு விறகு சேர்ந்துவிட்டது.

"அந்தக் கொடியக் கொஞ்சம் வெட்டி உடுங்களேன். முழுசாப் படிச்சுப்போடலாம்" என்றாள்.

ஆல்வின் கோடாலி நுனியால் கொடியை இழுத்தான். 'தலைகள்' என்பதற்கு முன்னால் ஒரு 'மு' இருந்தது.

ஆல்வின் பலகையையும் தவழ்ந்து வந்த வேலியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"செல்வி, நாம கம்பி வேலியத் தாண்டித்தான வந்தோம்?"

"ஆமாங்க."

"அப்ப நாம உள்ள இருக்கறோம்."

ஒன்றரை மணி நேரமாக இந்தப் புதருக்குள் குனிந்து குனிந்து கையை விட்டதை நினைத்து, அவன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

"வந்த வழியே போயிறலாமுங்க" என்று அவள் கிசுகிசுத்தாள்.

இரண்டு எட்டு வைத்திருப்பார்கள். வேலி ஓரத்துப் புல் விலகியது. கறுத்த, தடித்த வால் ஒன்று சாவகாசமாக அசைந்து மறைந்தது.

ஆல்வின் கைக்குக் கிடைத்த விறகுக் கட்டையை வீசினான். அந்த வால் ஓடவில்லை. நேராக வேலிச் சந்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"வழிய அடைச்சுப்போட்டீங்களே!"

"இரு, தீனி காட்டி இழுக்கறேன்." மதியச் சாப்பாட்டுத் தூக்குப்போசியிலிருந்த அவித்த முட்டைகளை எடுத்துத் தள்ளித் தள்ளி எறிந்தான்.

முட்டைக்கு இன்னொரு வாலும் வந்தது.

"இப்ப ரெண்டுங்க" என்றாள் அன்புச்செல்வி. "மரத்துல ஏறிக்கலாமா?"

ஏறத் தோதாக இருந்த ஒரே மரத்தை அவன் காலையிலேயே வெட்டிச் சாய்த்திருந்தான்.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று அவள் கத்தினாள். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் எங்கோ தண்ணீரில் கனமாக ஏதோ விழும் சத்தம் கேட்டது. அவள் வாயை அவனும், அவன் கையை அவளும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"மதிலுதான் வழி. ஏறிக் குதிச்சாப் பொழச்சோம்."

பார்த்துப் பார்த்துப் பிளந்த இரண்டு கட்டு விறகையும் மதிலோரம் அடுக்கினான். அவசரத்தில் இருமுறை சரிந்தது. மூன்றாம் முறை நின்றது. முதலில் அவளை ஏற்றினான். "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முனகியபடி அவனும் ஏறினான். அந்தப் பக்கம் இன்னும் பள்ளமாக இருந்தது. அவன் குதித்து விழுந்தான். அவள் அவன்மேல் விழுந்தாள்.

எழுந்து பார்த்தால், கூட்டிவிட்டதைப் போலச் சுத்தமான மணல். ஒரு வேப்பமர நிழல். கொஞ்சம் தள்ளிப் பச்சைத் தண்ணீர் நிறைந்த சின்னக் குட்டை. ஒரு புதர்கூட இல்லை. அன்புச்செல்வி மணலில் உட்கார்ந்து அழுதாள்.

"இனிக் காட்டுப் பக்கமே கால் வெக்கமாட்டேன்னு சொல்லுங்க."

"வெக்கமாட்டேன்" என்றான். மூச்சு சீரானதும் அவன் கண் குட்டையோரம் போனது. "ஆனா அங்க பாரேன். எத்தன பெரிய கட்டைக. சும்மா கெடக்குது."

"எந்திரிக்காதீங்க" என்று அவள் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது எதிரே இருந்த கம்பிக் கதவருகே, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வாளியோடு வந்து நின்றார். அவர்களைப் பார்த்தார். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

வேலியைத் தாண்டியதற்குப் பிடித்துக்கொள்வாரோ என்று ஆல்வின் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சுக்கங்க அண்ணா. தெரியாம முதலைக இருக்கற எடத்துக்குள்ள போயிட்டோம். எப்படியோ உசுரோட வெளிய வந்துட்டோம்."

காக்கிச் சட்டைக்காரர் பூட்டைத் திறந்தபடியே, தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதைப் போல மெல்லச் சொன்னார்:

"சத்தம் போடாம எந்திரிச்சு இப்படி வந்துருங்க சார். அந்தப் பக்கம் திரியறது வெறும் உடும்புங்க; இத்தன நேரம் நீங்க வெளியிலதானுங்க இருந்தீங்க, உள்ள வந்ததே இப்பத்தானுங்க."