லிஃப்ட் பரிசோதகர் வாங்கிய மகிழ்ச்சி

இனிமேல் தன் வீட்டில் யாரும் குறை சொல்லக் கூடாது என்று லிஃப்ட் பரிசோதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தார். 'யாரும்' என்றால் அவர் மனைவி. வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அவர் சொன்னால் அதற்குக் குறை என்று பெயரில்லை. அது கருத்து.

குறை கண்டுபிடிப்பதுதான் அவருக்குச் சோறு போட்டது. அடுக்குமாடிகளில் ஏறி இறங்கி, கம்பி தேய்ந்திருக்கிறது, கதவு இடிக்கிறது, மணி அடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து, லிஃப்டை நிறுத்தி, நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஜனங்களை மாடிப்படி ஏறவைப்பார். அதற்குச் சம்பளமும் உண்டு, மரியாதையும் உண்டு. அதே வேலையை மனைவி வீட்டில் இலவசமாகச் செய்தபோது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை.

அவள் ஒன்றும் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. சமையலறைக் குழாய் சொட்டியது. படுக்கையறை மின்விசிறி சுற்றும்போதெல்லாம் பல்லைக் கடித்தது. குளியலறைக் கதவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தால்தான் மூடும்.

"ஊர்ல இருக்கற கதவெல்லாம் சரியா மூடுதான்னு பாக்கறீங்க. நம்ம வீட்டுக் கதவையும் ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்பாள்.

"நான் லிஃப்ட் கதவுதான் பாப்பேன்."

"இதையும் தூக்கித்தானே மூட வேண்டியிருக்கு. அப்புறம் லிஃப்ட் இல்லாம இது என்ன?"

இதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்த நாளில்தான் மேல் வீட்டுப் பல் டாக்டர் அவருக்கு வழி காட்டினார்.

"எங்க வீட்டுல இப்பல்லாம் சத்தமே இல்ல சார். படிச்சா மனசு சந்தோஷமாகற மாதிரி, ஆளைத் தூக்கிவிடற மாதிரி புத்தகங்கள் விக்குதே, அதுல கொஞ்சம் வாங்கிப் போட்டேன். எங்க வீட்டம்மா இப்ப வாயே திறக்கறதில்ல."

ஒரு பல் டாக்டர், எதிராளி வாயைத் திறக்கவில்லை என்று சந்தோஷப்படுகிறார் என்றால் அதில் விஷயம் இல்லாமல் இருக்காது. பரிசோதகர் யோசித்துப் பார்த்தார். குழாயைச் சரிசெய்ய ஸ்பேனர் வேண்டும், குனிய வேண்டும், முதுகு பிடித்துக்கொள்ளும். மனைவியைச் சரிசெய்யப் புத்தகம் போதும். குனிந்து படிக்கப்போவதும் அவள்தான். கணக்கு கச்சிதமாக இருந்தது.

அன்றைக்கே புத்தகக் கடைக்குப் போனார். கல்லாவில் ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மகிழ்ச்சியைப் பற்றிய புத்தகங்களுக்கு நடுவே அவ்வளவு சோகமான முகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

"படிச்சா சந்தோஷம் வர்ற புத்தகம் இருக்கா?"

"யாருக்கு?"

"வீட்டுல."

"அவங்களுக்கு என்ன குறை?"

"குறை சொல்றதுதான் குறை."

"அவங்க சொல்ற குறை நிஜமாவே இருக்கா, இல்லையா?"

"இருக்கு. அது வேற விஷயம்."

அந்த அம்மாள் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்தாள். 'மனசுக்கு ஒரு ஏணி', 'கவலையை மடித்து அலமாரியில் வை', 'குறை சொல்லாத நாற்பது காலைகள்'. அட்டைகளில் யார் யாரோ பல்லைக் காட்டிக்கொண்டு மலைமேல் நின்றார்கள். 'குறை சொல்லாத' என்ற சொல்லைப் பார்த்ததும் பரிசோதகர் மற்றவற்றைப் புரட்டக்கூட இல்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவி கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் குச்சியால் காட்டி, "இது தெரியுதா, இது தெரியுதா" என்று வருகிறவர்களை நாள் முழுக்கக் கேட்க வேண்டும். யாருக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பதை ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவாள். கணவருக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பதைக் கல்யாணத்தன்றே கணித்துவிட்டாள்.

புத்தகப் பையை நீட்டியபடி அவர் ஒரு சின்னச் சொற்பொழிவு நிகழ்த்தினார். சந்தோஷம் குழாயில் இல்லை, மின்விசிறியில் இல்லை, மனசில்தான் இருக்கிறது என்றார். கதவு மூடாததை, கதவு திறந்தே இருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும் என்றார்.

"குளியலறைக் கதவையா?" என்றாள் மனைவி.

"எல்லாக் கதவையும்."

"இதெல்லாம் நீங்க படிச்சிட்டீங்களா?"

"எனக்கு எதுக்கு? நான்தான் சந்தோஷமா இருக்கேனே."

"அது தெரியுது" என்று சொல்லி, பையை வாங்கிக்கொண்டு போனாள்.

மருந்து வேலை செய்தது. அடுத்த நாளிலிருந்து ஒரு குறை, ஒரு முணுமுணுப்பு, ஒரு பெருமூச்சு இல்லை. குழாய் பாட்டுக்குச் சொட்டியது. அவள் பாட்டுக்குப் புன்னகைத்தாள். பரிசோதகர் பல் டாக்டரைப் படியில் நிறுத்திக் கையைக் குலுக்கினார். டாக்டர் ஏனோ பாதிப் புன்னகையோடு நிறுத்திக்கொண்டு, "இப்ப எத்தனாவது நாள் சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கையிலிருந்த காய்கறிப் பையோடு அவசரமாக மேலே போனார். அந்தப் பையின் அர்த்தம் அப்போது பரிசோதகருக்கு விளங்கவில்லை.

வாரக் கடைசியில் விளங்கத் தொடங்கியது.

"ஏங்க, புத்தகத்துல ரொம்ப நல்ல விஷயம் ஒண்ணு போட்டிருக்கு" என்றாள் மனைவி, முகமெல்லாம் வெளிச்சமாக. "தண்ணி சொட்டற சத்தம் மனசைச் சுத்தம் பண்ணுமாம். யார் மனசுல அழுக்கு ஜாஸ்தியோ அவங்க அது பக்கத்துல படுத்துக்கணுமாம்."

"சரி, படுத்துக்கோ."

"எனக்குத்தான் அழுக்கெல்லாம் போயிடுச்சே. உங்க பாயைச் சமையலறையில போட்டிருக்கேன்."

அவர் ஒரே ஒரு ராத்திரி அங்கே படுத்தார். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் ஸ்பேனரைத் தேடினார். குனிந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. குழாய் நின்றது.

அதோடு புத்தகம் நிற்கவில்லை. மின்விசிறியின் கரகர சத்தம் ஒரு தியானம் என்று போட்டிருந்ததாம். அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டுக் கண்ணை மூடி உட்கார வேண்டும், அதையும் குடும்பத்தில் மூத்தவர்தான் செய்ய வேண்டும். மின்விசிறி மறுநாளே எண்ணெய் குடித்தது. குளியலறைக் கதவைத் திறந்து வைத்து வாழ்வது உள்ளத்தில் ஒளிவுமறைவில்லாமல் வாழ்வதன் முதல் படியாம். பரிசோதகர் அந்தப் படியில் கால் வைக்கவே இல்லை. தச்சரைக் கூட்டிவந்து கீலை மாற்றினார்.

எந்த வேலைகளைச் செய்யாமலிருக்கப் புத்தகம் வாங்கினாரோ, அந்த மூன்றும் முடிந்துவிட்டன. இனி படிக்க ஒன்றும் இருக்காது என்று நினைத்தார். ஆனால் மகிழ்ச்சிப் புத்தகங்களுக்கு முடிவே கிடையாது போலிருக்கிறது.

"ஒரே நாற்காலியில ஒரே ஆளு வருஷக்கணக்கா உக்காந்தா அந்த ஆளுக்கும் சந்தோஷம் வராது, நாற்காலிக்கும் வராதுன்னு போட்டிருக்கு" என்று அவருடைய சாய்வு நாற்காலியில் அவள் சாய்ந்தாள்.

"சந்தோஷமா இருக்கற பொம்பளை சாயங்காலம் ஆனா சமையலறைப் பக்கம் எட்டிப் பாக்கவே கூடாதாம்" என்று அதிலிருந்தபடியே தொடர்ந்தாள்.

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

"குறிப்பிட்டு ஒரு பக்கம்னு சொல்ல முடியாது. புத்தகம் பூரா அந்த வாசனை வருது."

"அதை எழுதின ஆளுக்குக் கல்யாணம் ஆயிருக்கா?"

"ஆயிருக்கு. அவங்க வீட்டுல அவர்தான் சமையலாம். முன்னுரையிலயே சொல்லிட்டார்."

"ஆமா, இவ்வளவையும் நீ எப்பப் படிக்கறே? நான் பாக்கவே இல்லையே."

"நீங்க எதைத்தான் பாத்திருக்கீங்க?" என்றாள், சந்தோஷமாகவே.

புத்தகத்தை வாங்கி வந்தவர் பரிசோதகர். சொற்பொழிவும் அவருடையது. அதனால் அவர் தினமும் மாலையில் காய்கறிப் பையோடு படியேறினார். மேலேயிருந்து பல் டாக்டர் காலிப் பையோடு இறங்கி வருவார். இருவரும் ஒருவர் பையை ஒருவர் பார்ப்பார்கள். "உங்க வீட்டுல இன்னைக்கு என்ன போட்டிருக்கு சார்?" என்று டாக்டர் கேட்பார். "போடறது நான்தான் சார்" என்பார் இவர்.

இதுவரை கூடத் தாங்கினார். மச்சினர் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மனைவியின் அண்ணன் ஒரு வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிப்பவர். கன்னம் இரண்டும் எப்போதும் ஊதத் தயாராக இருக்கும். உறவுக்குக் கதவைத் திறந்து வை என்று 'மனசுக்கு ஒரு ஏணி'யில் போட்டிருந்ததாம். அதனால் அவர் ஒரு பெட்டி, ஒரு டிரம்பெட், நல்ல பசி ஆகியவற்றோடு வந்து சேர்ந்தார். விடியும்போது பயிற்சி செய்வார். அதற்கும் புத்தகத்தில் இடம் இருந்ததாம்.

"எத்தனை நாள் இருப்பாராம்?" என்று கேட்டார் பரிசோதகர்.

"விருந்தாளியைப் பாத்து நாள் எண்ணறவன் வீட்டுல மகிழ்ச்சி வாசல்லயே நின்னுடும்னு போட்டிருக்குங்க."

டிரம்பெட் மூன்றாவது தரம் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிய காலையில், பரிசோதகருக்கு ஒரு யோசனை உதித்தது. இவ்வளவு தடிமனான புத்தகங்களில் கணவனுக்குச் சாதகமாக ஒரு வரிகூடவா இருக்காது? கணவன் தூங்கட்டும் என்று ஒரு வரி, மச்சினன் அளவோடு இருக்கட்டும் என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தை மடித்து அவள் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டால் தீர்ந்தது. அவள் ஆஸ்பத்திரிக்கும், அண்ணன் ஒத்திகைக்கும் போனபிறகு, அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவள் அலமாரியைத் திறந்தார்.

புத்தகங்கள் புடவைகளுக்கு அடியில் இருந்தன. மேலே இருந்ததை எடுத்தார். பிரிக்கப் பார்த்தார். வழுக்கியது. அடுத்ததை எடுத்தார். அதுவும் வழுக்கியது.

ஒரு புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

பரிசோதகர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டு பிரிந்திருக்கிறதா? இல்லை. ஓரம் கிழிந்திருக்கிறதா? இல்லை. இவ்வளவு பெரிய குறையை அவர் எந்தக் கட்டடத்திலும் கண்டுபிடித்ததில்லை. அந்தப் புத்தகங்கள் அந்த வீட்டில் ஒருவருக்கு உண்மையான மகிழ்ச்சியைக் கொடுத்தது அன்றைக்குத்தான். அன்று பகல் முழுவதும் அவர் சீட்டி அடித்துக்கொண்டே திரிந்தார்.

மாலையில் மனைவி வந்தாள். அண்ணனும் வந்து உட்கார்ந்தார். கூடத்து மேஜைமேல் புத்தகங்களை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் பரிசோதகர்.

"இது என்ன?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்க வாங்கிக் கொடுத்த புத்தகம்."

"இது மேல இருக்கறது என்ன?"

"உறை."

"ஏன் இருக்கு?"

"புது வாசனை போயிடக் கூடாதுன்னு பிரிக்கல."

"அப்போ குழாய், விசிறி, நாற்காலி, சமையல், எல்லாம் புத்தகத்துல போட்டிருக்குன்னு சொன்னியே?"

"அட்டையைப் பாத்துச் சொன்னேன்."

"அட்டையைப் பாத்தா உள்ள இருக்கறது எப்படித் தெரியும்?"

"நீங்களும் அட்டையைப் பாத்துத்தானே வாங்கினீங்க?"

அண்ணன் இருமினார். பரிசோதகர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சின்ன இருமலுக்கெல்லாம் நின்றால் ஆகாது.

"ஆக, இத்தனை நாளா நீ சொன்னது எதுவுமே இதுல இல்ல. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

இவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் தடுமாறி, பிறகு நிமிர்ந்தார்.

"அப்போ புத்தகத்துல போட்டிருக்குன்னு சொன்ன அத்தனையும் இந்த நிமிஷத்துலேர்ந்து ரத்து."

"ரத்துங்க."

"இனிமே புத்தகத்தைக் காட்டி எதையும் சொல்லக் கூடாது."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

பரிசோதகர் தன் சாய்வு நாற்காலிக்குப் போனார். வெகு நாள் கழித்து முதுகை நீட்டிச் சாய்ந்தார். காலை நீட்டினார். கண்ணை மூடினார். உலகம் ஒழுங்காக இருந்தது.

"ஏங்க."

"ம்."

"எழுந்து போய் வெங்காயத்தை நறுக்குங்க. அண்ணனுக்குப் பசிக்குது."

அவர் கண்ணைத் திறந்தார். "இப்பத்தானே ரத்துன்னு சொன்னே?"

"புத்தகம் சொன்னதுதான் ரத்து. இது நான் சொல்றது."

பரிசோதகர் மச்சினரைப் பார்த்தார். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை ஒரு வார்த்தை கிடைக்குமா என்று பார்த்தார். மச்சினர் ஒரு துணியை எடுத்து டிரம்பெட்டைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். அதில் தன் முகம் தெரிகிறதா என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

புத்தகம் சொன்ன காலத்தில் எந்தப் பக்கம் என்றாவது கேட்க முடிந்தது. எழுதியவனைத் திட்ட முடிந்தது. இவளை எந்தப் பக்கத்தில் புரட்டுவது?

எழுந்தார். சமையலறைக்குப் போனார். முதல் வெங்காயத்திலேயே கண் கலங்கியது. இரண்டாவதில் கன்னம் நனைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்த 'மனசுக்கு ஒரு ஏணி'யில வெங்காயத்தைப் பத்தி, ஆம்பளைங்க நறுக்கினா ஆகாதுன்னு, அந்த மாதிரி ஏதாவது போட்டிருக்கான்னு கொஞ்சம் பாரேன்."

சாய்வு நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

"உறையைப் பிரிக்காம எப்படிங்க பாக்கறது?"