மாதக் கடைசி மாவீரர்

மாதத்தின் முதல் இருபது நாள் கொட்டாவி விட்டுவிட்டு, மீதி நாளெல்லாம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடும் ஓர் இனம் இருக்கிறது. பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். எந்த அலுவலகத்திலும் காலண்டருக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். மாதக் கடைசி மாவீரர் என்று அவருக்குப் பெயர்.

நம் மாவீரர் ஒரு மின்விசிறிக் கம்பெனியின் விற்பனை மேலாளர். மாத இலக்கைத் தொட்டால் ஊக்கத்தொகை, கைதட்டல், முதலாளியுடன் ஒரு போட்டோ. தொடாவிட்டால் மனிதர் முகத்தில் ஈயாடாது. ஆகவே மாதம் முடிவதற்குள் விசிறிகள் கிடங்கை விட்டு வெளியேறியாக வேண்டும். எங்கே போகின்றன, யார் வீட்டில் சுழல்கின்றன என்பதெல்லாம் வேலையற்றவர்கள் கேட்கும் கேள்வி. வெளியேறினால் விற்பனை. அவ்வளவுதான்!

நல்லவேளையாக அவருடைய மைத்துனர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். ஊரே நம்பி வரும் கடை. மாதக் கடைசி மாலையானால் அந்த வாசலில் லாரி வந்து நிற்கும். பின்னாலேயே மாவீரரும் வந்து இறங்குவார்.

"மாப்ளே, ஒரு லோடு இறக்கிக்க. மூணாந்தேதி நானே வந்து திருப்பி எடுத்துக்கிறேன்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னீங்க அத்தான், அதுவே இன்னும் கிடக்குது. போதாக்குறைக்கு ஃபேன் கடகடன்னு சத்தம் போடுதுன்னு வாங்கினவங்கல்லாம் வந்து என்னைத் திட்டுறாங்க. முதல்ல அதைச் சரி பண்ணச் சொல்லுங்களேன்."

"சொல்றேன், சொல்றேன். அதைச் சரி பண்ண ஒரு வருஷம் ஆகுமாம். எனக்கு இன்னைக்குள்ள கணக்கு ஏறணுமே!"

இப்படியே பெட்டிகள் ஏறின. கல்லாவை மறைத்தன, படிக்கட்டை அடைத்தன, பல்பு வாங்க வந்தவரை நண்டு போலப் பக்கவாட்டில் நடக்க வைத்தன. பாதி விசிறிகள் ஒருமுறைகூடச் சுழலாமலே லாரியில் போய்வந்து பெட்டியோடு நசுங்கிப் போயின. கம்பெனியின் வரைபடத்திலோ விற்பனைக் கோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது.

கோட்டைக் கண்டு குளிர்ந்த முதலாளி ஒருநாள் கூட்டம் போட்டார். "எல்லாரும் அடுத்த அஞ்சு வருஷத்தை யோசிங்க!" என்று முழங்கி, அந்தத் திட்டத்துக்கு நம்மவரையே தலைவராக்கினார். மாதம் தவறாமல் மாதக் கணக்கை மட்டும் பார்த்துக் கைதட்டி வந்தவரும் இதே முதலாளிதான் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. யாருக்கு வேலை போக ஆசை?

மாவீரர் எழுந்து பணிவாக ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "சார், அஞ்சு வருஷத் திட்டத்துக்கு இன்சென்டிவ் எந்த மாசம் வரும்?"

அந்த மாதக் கடைசியில் அவர் லாரியோடு போய் இறங்கியபோது, மைத்துனர் ஏணி மேல் நின்று கம்பெனி போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே வேறொரு கம்பெனியின் போர்டு சுவரில் சாய்ந்திருந்தது.

"என்ன மாப்ளே இது?"

"மன்னிச்சிருங்க அத்தான். எனக்கும் குடும்பம் இருக்கு. கடைக்குள்ள நடக்க வழியில்ல, வர்ற ஆளெல்லாம் உங்க ஃபேன்னு சொன்னாலே ஓடுறாங்க. உங்க கணக்கைக் காப்பாத்த நான் கடையை மூடவா?"

இந்தக் கடை போனால் இந்த ஊரே போனதுபோல. இனி எத்தனை ஆண்டு தலைகீழாக நின்றாலும் இப்படியொரு கடை கிடைக்காது. அது மாவீரருக்கு நன்றாகத் தெரியும். நடிப்பில்லாமல், உண்மையாகவே கண் கலங்க ஏணியருகே போனார்.

"நீ போறதை நான் தடுக்கல மாப்ளே. நீ சொல்றது நியாயந்தான். ஆனா நாளைக்கு ஒண்ணாந்தேதி, நாளைக்குப் போயேன்! இன்னைக்கு இந்த ஒரு லோடை மட்டும் இறக்கிக்க."

மைத்துனர் அடுத்த திருகாணியைக் கழற்றினார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன் ஒன்று. ரத்தப் பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் தவம் கிடந்து, "பாத்தியா, சுகர் நார்மல்!" என்று அந்தத் தாளை வீட்டாரிடம் ஆட்டிக் காட்டிவிட்டு, அன்று மாலையே இனிப்புக் கடைப் படியேறியவர் யார்? டாக்டர் ஏமாந்தார், சரி. உடம்புமா ஏமாறும்? போகட்டும், அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று மட்டும் சொல்லுங்கள். அதுவரை உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.