ஒன்றும் விழாத கழுத்துப் படம்

திரேஸ்புரம்
8-10-1971

அன்புள்ள பர்னபாஸ் அண்ணனுக்கு,

தம்பி ஞானதீபம் எழுதுவது. அனைவரும் நலம் என்று தொடங்குவது முறை. அனைவருக்கும் கண்வலி. நாடெல்லாம் பரவுவது திரேஸ்புரத்தை மட்டும் விடுமா. தெருவே சிவந்த கண்ணோடு நிற்கிறது. யார் அழுகிறார்கள், யாருக்கு நோய் என்று பிரிக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். ராணுவ ஆஸ்பத்திரியில் கதிர்வீசும் அயோடினைக் குடிக்கவைத்துக் கழுத்தைப் படம் பிடித்தார்கள், படத்தில் ஒன்றுமே விழவில்லை என்பது வரை. அதற்குமேல் அம்மா கேட்கவில்லை. வாசலுக்குப் போய்விட்டாள்.

“ஏளா கிருபை, எம்புள்ள கழுத்துல ஒண்ணுமே இல்லையாம். கழுத்துக் கட்டியை மாதா கரைச்சிட்டா.”

பக்கத்து வீட்டுக் கிருபை அக்கா அழுதாள். அல்லது கண்வலி. அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துத் திரும்பிய பிறகே மீதியை வாசிக்க முடிந்தது: கழுத்துச் சுரப்பியில் ஏற்கெனவே கடலின் அயோடின் நிரம்பியிருந்ததால் மருந்துக்கு உள்ளே இடமில்லை, கட்டி அப்படியே இருக்கிறது, மறுபடி பத்தியம், மறுபடி படம், அதைப் பார்த்துத்தான் கத்தி வைப்பதா வேண்டாமா என்று மேஜர் டாக்டர் சொல்வார்.

“கடல் எப்படிலே அங்கன போச்சு?”

பொட்டலத்தில் போனது. கண்வலிக்குப் பயந்து யாரையும் உள்ளே விடாத ஆஸ்பத்திரி வாசலில், லாரி டிரைவர் மாடக்கண்ணு அண்ணாச்சி காவலரிடம் கொடுத்துவிட்டு வந்த பொட்டலம். பத்தியம் என்றதும் அம்மா இறைச்சியையும் முட்டையையும் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் போலக் கூனி இறாலை வறுத்து இடித்து அனுப்பியிருக்கிறாள். மீன் ஆகாது என்று அண்ணன் எழுதியிருந்தாரே என்றேன்.

“அது மீனாலே? பொடி.”

நீங்களும் மேஜரிடம் இதையேதான் சொல்லியிருக்கிறீர்கள். ராணுவம் உங்களை மாற்றவில்லை. எனக்கு அது ஆறுதல்.

அன்று அம்மா சாப்பிடவில்லை.

“நானே எம்புள்ள கழுத்துக்குக் கத்தி வச்சிட்டேனே.”

“வைக்கலம்மா. தள்ளிப் போட்டிருக்க.”

யோசித்தாள். மறுபடி மெழுகுவர்த்தி.

இத்துடன் வருவது எலுமிச்சை ஊறுகாய். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்ட ஒரு நிமிடம் தவிர, நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கடல் இல்லை. தைரியமாகத் தின்னுங்கள்.

அம்மா உங்கள் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னாள். கிருபை அக்கா ஸ்தோத்திரம் சொன்னாள்.

தம்பி,
ஞானதீபம்

பி.கு. ஜாடியின் வாயைக் கட்டுமுன் ருசி பார்த்தேன். கூனிப்பொடி. மேலே சொன்ன தைரியத்தை அடித்துவிடுங்கள். படம் முடியும்வரை ஜாடியைத் திறக்க வேண்டாம். ஏன் போட்டாய் என்று அம்மாவைக் கேட்டேன்.

“படம் நல்லபடியா வரும்லே. வந்த அன்னைக்கு எம்புள்ள வேற எதத் திம்பான்?”