தங்க வரிசை அணிலும் பன்னிரண்டு வாதாங்கொட்டையும்

ஒரு காட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாத கோடையிலும் சிக்னல் இருந்தது. அங்கே ஒரு மருதமரத்தில் கொறிப்பாண்டி என்ற அணில் குடியிருந்தான். அணிலிடம் போன் ஏது என்று கேட்காதீர்கள். பேசும் அணிலை நம்பி உட்கார்ந்துவிட்டீர்கள், போனை நம்புவதில் என்ன குறைந்துவிடும்?

அந்தக் காட்டுக்கு நரியார் ஒரு சீட்டாட்டத்தைக் கொண்டுவந்தார். போனில் ஆடுவது. ஆளுக்குப் பத்துச் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மிருகம், அதற்கு ஒரு பலம். சுற்றுக்கு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பலம் கூடிய சீட்டுக்குச் சுற்று. முதலில் நாலு சுற்று எடுத்தவருக்கு ஆட்டம். போட்ட சீட்டு அந்த ஆட்டத்தில் திரும்ப வராது.

இதில் புதுமை பிளாக்செயின். எந்தச் சீட்டு யாருடையது, யார் யாரிடம் தோற்றார் என்பதெல்லாம் காட்டில் உள்ள எல்லா போனிலும் ஒரே சமயத்தில் பதிவாகிவிடும். ஒன்றில் அழித்தாலும் மற்றவற்றில் இருக்கும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்களே, அந்த ஊர் வாயைத்தான் போனுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

நரி என்றதும் ஏமாற்றப்போகிறது என்று நினைப்பீர்கள். நரியார் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு மிருகத்தையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னார். அதைத்தான் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"பன்னெண்டு சொல் வரும் தம்பி," என்றார் கொறிப்பாண்டியிடம். "அதுதான் உன் சீட்டுப்பெட்டிக்குச் சாவி. தொலைச்சா வேற சாவி கிடையாது. நான் வந்தாலும் தெறக்க முடியாது, சிங்கமே வந்தாலும் முடியாது. பத்திரமா வை."

"பத்திரமா வைக்கிறத அணிலுக்கா சொல்லித் தர்றீங்க, அண்ணே?" என்றான் கொறிப்பாண்டி.

அன்றைக்கே பன்னிரண்டு வாதாங்கொட்டைகளை எடுத்தான். ஒன்றுக்கு ஒரு சொல்லாக, வரிசை எண்ணோடு, ஓட்டில் பல்லால் கீறினான். குடை, தவளை, சுண்ணாம்பு என்று என்னென்னவோ சொற்கள். பிறகு பன்னிரண்டு மரத்தடியில் புதைத்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது அவன் குலவழக்கத்திலேயே கிடையாது.

முதல் மாதத்தில் நாற்பத்தொரு ஆட்டம் ஆடி நாற்பத்தொன்றிலும் தோற்றான். விளையாட்டுதானே என்று இருந்திருப்பான். ஆனால் ஓடைக்கு அந்தப்பக்கம் நெல்லி என்று ஓர் அணில் இருந்தாள். அவளைப் பார்த்த நாளிலிருந்து கொறிப்பாண்டிக்குக் கொய்யாகூட இறங்கவில்லை. பெண் கேட்டுப் போனபோது, அவள் அப்பா இலுப்பைமரத்துக்காரர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார்.

"நாப்பத்தொரு தோல்வி. இது அழியாதாமே?"

"அழியாதுங்க."

"எம்பேரன் காலத்துலயும் இருக்குமா?"

"இருக்குங்க."

"அப்ப தை பொறக்கறதுக்குள்ள தங்க வரிசைக்கு வந்துட்டு வாங்க, பேசுவோம். என் மகளைத் தகர வரிசையில குடுக்க மாட்டேன்."

தகரம், செம்பு, வெள்ளி, தங்கம் என்று ஆட்டக்காரர்களுக்கு நாலு வரிசை. கொறிப்பாண்டி தகரத்திலும் கடைசி. நேரே நரியாரிடம் ஓடினான்.

"உன் தோல்வியெல்லாம் அழியாம இருக்குல்ல? உக்காந்து பாரு," என்றார் நரியார்.

நாற்பத்தொன்றையும் பார்த்தான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தான். முப்பத்தெட்டு ஆட்டங்களில், ஆட்டம் முடியும்போது அவனிடம் உள்ளதிலேயே பலம் கூடிய வேங்கைச் சீட்டு கையிலேயே இருந்தது.

"ஏன்டா போடலை?"

"மழைக்காலத்துக்கு ஆகுமேன்னு வச்சிருந்தேன், அண்ணே."

நரியார் எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே வேங்கையை இறக்கினான். அந்த ஆட்டத்தை ஜெயித்தான். பிறகு எதிராளிகளைப் படித்தான். யார் பெட்டியில் என்ன சீட்டு என்பது பிளாக்செயினில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பார்க்கிற பொறுமை யாருக்கும் இல்லை. மயில் பலத்தைப் பார்க்காமல் படம் அழகாக உள்ள சீட்டைத்தான் முதலில் போடும். எருமை ஒரு சுற்று தோற்றால் அடுத்த சுற்றில் கோபமாக யானையை இறக்கும். அந்த நேரம் பார்த்துக் கொறிப்பாண்டி எறும்பைப் போட்டுத் தோற்றுக்கொள்வான். எருமையின் யானை ஓர் எறும்போடு வீணாய்ப் போகும். சிறிதாகத் தோற்கத் தெரிந்த பிறகுதான் அவனுக்கு ஜெயிக்கத் தெரிந்தது.

பெண்ணுக்காக ஆரம்பித்த ஆட்டம், ஐப்பசியில் ஆட்டத்துக்காகவே பிடித்துப்போனது. மார்கழிப் பாதியில் தங்க வரிசைக்கு வந்தான். அவனுக்கே நம்ப முடியவில்லை, கிளையிலேயே மூன்று சுற்று ஓடினான். ஓடிய வேகத்தில் போன் ஓடையில் விழுந்தது.

நரியார் வேறு போன் கொடுத்தார். அது பன்னிரண்டு சொல்லைக் கேட்டது.

காட்டில் பாதியைத் தோண்டினான். ஏழு கிடைத்தது. மீதி ஐந்தை எந்த மரத்தடியில் வைத்தான் என்பது எந்த அணிலுக்குத்தான் நினைவிருக்கும்?

"ஏதாவது வழி சொல்லுங்க, அண்ணே."

"அன்னைக்கே சொன்னேன்."

உலகத்திலேயே மிகவும் எரிச்சலூட்டும் பதில் அதுதான். அதற்குள் தை பிறந்துவிட்டது. மாமனார் ஆகவேண்டியவர் மரத்தடிக்கே வந்துவிட்டார். கொறிப்பாண்டி எதையும் மறைக்கவில்லை, மறைக்கவும் தெம்பில்லை.

"பெட்டி பூட்டிக்கிச்சுங்க. இனி என்னால ஆட முடியாது."

இலுப்பைமரத்துக்காரர் போனைப் பார்த்தார். "தங்கம்னுதானே போட்டிருக்கு?"

"தோத்தாத்தாங்க வரிசை இறங்கும்."

"ஆடாம எப்படித் தோப்பீங்க?"

"தோக்க முடியாதுங்க."

"சீட்டை வித்துத் தின்னவும் முடியாது?"

"முடியாதுங்க."

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "கார்த்திகையில தங்க வரிசையில இருந்த ரெண்டு வரனைப் பாத்து வச்சிருந்தேன். ஒருத்தன் இப்பச் செம்புல இருக்கான், இன்னொருத்தன் வேங்கையை வித்துட்டான். திறமைசாலிங்கதான், ஆனா தெனமும் ஆடுறாங்களே. உங்க தங்கம் மட்டுந்தான் இனி எறங்காது." அங்கேயே முகூர்த்தம் குறித்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நரியார் மொய் எழுதினார். ஆனால் கொறிப்பாண்டி தினமும் கிளை நுனியில் உட்கார்ந்து அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மயில் இன்னும் அழகான படத்தைத்தான் முதலில் போட்டது. அவனுக்கு விரல் பரபரத்தது. அழுகை வந்தது.

பங்குனியில் ஒருநாள் நெல்லி ஐந்து வாதாங்கொட்டைகளோடு வந்தாள்.

"தோண்டுனப்போ கெடச்சுது. மேல என்னமோ கீறியிருக்கே? தவளையாம், சுண்ணாம்பாம்."

கொறிப்பாண்டி பொந்தில் இருந்த ஏழையும் எடுத்துவந்தான். அடுக்கிப் பார்த்தான். ஐந்தும் அந்த ஐந்துதான்.

"ஒரே ஒரு ஆட்டம் ஆடட்டுமா, நெல்லி?"

"ஆடுங்களேன். நீங்க ஆடி நான் பாத்ததே இல்லை." கொஞ்சம் யோசித்தாள். "தோத்தா?"

"பதிவாயிடும்."

கீழே ஓடைக்கரையில் இலுப்பைமரத்துக்காரரின் குரல் கேட்டது. தண்ணீர் குடிக்க வந்த மான்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மருமகனை ஜெயிக்க இந்தக் காட்டுல ஆள் கிடையாது. சந்தேகம்னா போனை எடுத்துப் பாருங்க."

கொறிப்பாண்டி கொட்டைகளைப் பார்த்தான். நெல்லி அவனைப் பார்த்தாள். பிறகு பன்னிரண்டையும் அள்ளிக்கொண்டு இறங்கி, பன்னிரண்டு புது மரங்களைத் தேடிப்பிடித்து, பத்திரமாகப் புதைத்துவிட்டு வந்தான்.

நீதி: கஷ்டப்பட்டு ஆடக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதும் சாவியைத் தொலைத்துவிடுங்கள். மரியாதை குறையாது, மாமனார் பார்த்துக்கொள்வார்.