முதல் டிரெய்லரும் வர முடியாத காரணங்களும்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய ஆர்டித் அக்காவுக்கு,

அயோவாவிலிருந்து தம்பி வெண்டெல் எழுதுவது. நானும் மார்லிஸும் சுகம். அவளுடைய முழங்காலும் ஏறக்குறைய சுகம். மோன்டானாவில் பனி உருகி, உன் கோழிகள் வெளியே வந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். ஜூன் மாதம் உன்னைப் பார்க்க வருவதாகச் சொன்னோமே, அது நடக்காது. காரணம், டிரெய்லர்.

ஜனவரியில் ரோலண்ட் அத்தானின் அடக்கத்துக்குக் கிளம்பினோம். பனிப்புயலில் சாலையை மூடிவிட்டார்கள், பாதி வழியில் திரும்பினோம். அன்றைக்கே மார்லிஸ் சொல்லிவிட்டாள், "இனிமே எந்த ரோட்டை மூடினாலும் அங்கயே படுத்துத் தூங்கிட்டு, திறந்ததும் போற மாதிரி ஒரு வண்டி வேணும்" என்று. ஏப்ரலில் ஒரு பல் மருத்துவரிடமிருந்து படுக்கையும் அடுப்பும் வைத்து, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற பழைய டிரெய்லர் வாங்கினோம். அடுப்புக்கு மேலே கையகலத்துக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில்தான் அவள் மயங்கினாள். நானோ வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து எதெல்லாம் உடையும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எது எப்படி உடையும் என்று யோசிப்பதற்கே காப்பீட்டுக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்றதும் அந்தப் புத்தி போய்விடுமா?

முதலில் அவசியமானவற்றைத்தான் வாங்கினேன், அக்கா. நிறுத்தின வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, சாயாமல் நிற்க மட்டப் பலகை, குடிதண்ணீருக்கு வெள்ளைக் குழாய், கழிவுநீருக்குப் பழுப்புக் குழாய், தண்ணீர் வேகமாகப் பாய்ந்து உள்ளே எதையும் உடைக்காமல் இருக்க ஒரு பித்தளை அடைப்பான். இவை இல்லாமல் யாராலும் டிரெய்லரில் போக முடியாது. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தீயணைப்பான் ஒன்று இருந்து அதுவே தீயில் மாட்டிக்கொண்டால்? இரண்டாவது வாங்கினேன். எரிவாயு கசிந்தால் அலறுகிற பெட்டி, புயல் வந்தால் அலறுகிற வானொலி, எதுவும் வராதபோது வெளிச்சம் தர ஆறு விளக்கு, பிறகு இடம் அடைக்காது என்று மடக்குகிற வாளி, மடக்குகிற கெண்டி, மடக்குகிற ஏணி, மடக்குகிற குப்பைத்தொட்டி. மார்லிஸ் ஒன்றையும் தடுக்கவில்லை. ஒரு நாள் மட்டும், "என்னையும் மடக்கி எங்கயாவது சொருகிடு, படுக்க இடம் கிடைக்கும்" என்றாள்.

போன வாரம் பக்கத்து ஏரிக்கரை முகாமுக்கு ஒத்திகை போனோம். பாரத்தில், டிரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. முகாமில் இறங்கியதும் முதலில் வேண்டியது முட்டுக்கட்டை. அது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதை எடுக்க மற்ற எல்லாவற்றையும் புல்லில் இறக்கினேன். இறக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து டிரெய்லர்க்காரி ஒருத்தி கையில் காபிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"எல்லாம் விக்கிறதுக்கா?"

"இல்லைங்க, எல்லாம் தேவைப்படுறது" என்றேன்.

"அந்த ஏணி எதுக்கு?"

மார்லிஸ் முந்திக்கொண்டாள். "எடுத்துட்டுப் போங்கம்மா. அந்த வாளியும் வேணுமா?"

முட்டுக்கட்டை கிடைத்தது, பித்தளை அடைப்பான் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம்தானே என்று அது இல்லாமலே தண்ணீரைத் திறந்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த குழாய் வெடித்து, மெத்தை, போர்வை, நம் அம்மா தைத்த ஒட்டுத்துணி மேல்விரிப்பு எல்லாம் நனைந்து கனத்துவிட்டன. தீயணைப்பான் இரண்டும் அருகிலேயே இருந்தன. தண்ணீரை அணைக்க அவை உதவா.

சாயங்காலம் மெத்தையை மேஜைமேல் காயப்போட்டுவிட்டு, நானும் அவளும் தலையணைகளைப் பிழிந்துகொண்டிருந்தோம்.

"வெண்டெல், ஒண்ணு கேக்கறேன், கோபப்படாதே."

"கேளு."

"இதெல்லாம் போறதுக்கு வாங்கினியா, போகாம இருக்கறதுக்கு வாங்கினியா?"

"பத்திரமா போகணும்ல?"

"கதவைத் தட்டினா ரோலண்ட் அண்ணா வந்து திறக்க மாட்டாரு. அதைத் தாங்கறதுக்கு எந்தக் கடையிலயும் சாமான் விக்கலப்பா."

பிழிந்த தலையணையையே மறுபடி பிழிந்தேன். அத்தான் எப்போதும் கதவைத் திறந்தபடியே, "வந்துட்டாருய்யா ஆபத்து அதிகாரி!" என்று கத்துவார் அல்லவா? அந்தச் சத்தம் இல்லாத வாசலில் நிற்பதை நினைத்தாலே இன்னொரு சாமான் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுகிறேன், அக்கா. உனக்குத் தினமும் அதுதான் என்று தெரிந்தும் இப்படி எழுதுகிறேன்.

ஆகவே குழாய் சரியாகவில்லை, மெத்தை காயவில்லை, டிரெய்லரை விற்றுவிடுவதாக இருக்கிறேன். அடுத்த வருடம் பார்க்கலாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். விறகு தூக்காதே. கடவுள் உன் கூரையையும் கோழிகளையும் காக்கட்டும்.

என்றும் உன் தம்பி,
வெண்டெல்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு வாசலில் இருக்கும் தபால் பெட்டிக்கு எடுத்துப்போனேன். மார்லிஸ் டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டி முடித்திருந்தாள். புதுக் குழாயும் அவளே பொருத்தியிருக்கிறாள். உள்ளே எட்டிப் பார்த்தால், நான் வாங்கியதில் பாதியைக் காணோம், நடக்க இடம் இருக்கிறது. வாசல் பக்கமாக மூன்று நாற்காலிகளைச் சாத்தி வைத்திருந்தாள்.

"நாம ரெண்டு பேருதானே?" என்றேன்.

"திரும்பி வரும்போது ஆர்டித் எங்க உக்காருவா? அவளையும் ஊர் சுத்தக் கூட்டிட்டு வரப்போறோம். ஏறு."

ஏறிவிட்டேன், அக்கா. உறையைப் பிரித்து இதையும் எழுதிச் சேர்த்து, வழியில் ஒரு தபால் நிலையத்தில் போடுகிறேன். கடிதம் முந்துமா நாங்கள் முந்துவோமா தெரியாது. கடிதம் முந்தினால், வாசலோரத்து லைலாக் பூச்செடியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டுவிடு. டிரெய்லரைப் பின்பக்கமாக ஓட்ட எனக்கு இன்னும் வரவில்லை. நாங்கள் முந்திவிட்டால், செடிக்காக மன்னித்துவிடு.