மேய்ச்சல் வெளியில் மிதந்து போன ஊர்

மகா கனம் பொருந்திய ஹைரம் மாமாவுக்கு, மருமகன் லெமுவேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கழுதைக்கு நலமில்லை, அதற்கு என்றைக்குமே நலமில்லை.

முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு. கேன்சஸ் மாநிலம் பெல்லோஸ் கிராசிங் நகரின் மொத்த மக்கள்தொகை, சென்ற செவ்வாய்க்கிழமை முதல் ஒரே ஒரு சேவல் என்பதைச் சகலருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன். மேயர் பதவியும் அதற்குத்தான். கூப்பிட்டால் வராது, கூவினால் நிறுத்தாது. பழைய மேயருக்கும் இதற்கும் கொண்டைதான் வித்தியாசம்.

உங்கள் பத்திரிகைக்கு ஊர் வரலாறு கேட்டிருந்தீர்கள். டெக்சாஸிலிருந்து வடக்கே ஓட்டிப்போகும் மந்தைகள் ஆற்றைக் கடக்க அங்கேதான் ஆழம் குறைவு என்று ஏதோ ஒரு மாடு கண்டுபிடித்தது. மாட்டுக்குத் தாகம், மாட்டுக்காரனுக்கு அதைவிடத் தாகம், ஆகவே முதலில் சாராயக்கடை, அப்புறம் சவரக்கடை, கடைசியில் மனம் வருந்தத் தேவாலயம் என்று ஊர் உண்டானது. பிறகு வழியை மறித்து முள்கம்பி வேலி வந்தது, மந்தைப் பாதை மேற்கே ஒதுங்கியது, ரயிலை ஐந்து மைல் தெற்கே போட்டார்கள். ரயில் வராவிட்டால் நாம் போவோம் என்று வீடுகளைத் தூக்கி உருளைக் கட்டைகளில் ஏற்றி, மாடு பூட்டி இழுத்தார்கள். ஊர் என்ற பெயருக்கு ஏற்ப ஊர்ந்து காட்டிய ஒரே ஊர் எங்களுடையதுதான். இடுப்பளவு புல்லில் கட்டையும் தெரியாது, மாடும் பாதிதான் தெரியும். தேவாலயம் தானாக மிதந்து போகும், மணி தூக்கத்தில் பேசுவதுபோல் ஒரு தரம் அடிக்கும், பின்னால் சவரக்கடை, உள்ளே ஒருவர் பாதி தாடியோடு. மேகம் நகர்கிறதா, வீடு நகர்கிறதா, நான்தான் நகர்கிறேனா என்று மயங்கிப்போய் மத்தியானச் சாப்பாட்டையே மறந்தேன். என்னைத் தெரிந்த உங்களுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

எங்கள் வீடு மட்டும் நகரவில்லை. அப்பா கடைசி மந்தையோடு மொன்டானா போய் இரண்டு வருடம். "புல் முளைக்கும்போது வந்துடுவேன்" என்று ஒரு கடிதம், அவ்வளவுதான். அம்மா அசையவில்லை.

"வீடு போயிட்டா அவர் வந்து எந்தக் கதவைத் தட்டுவாரு? புல்லையா?"

பனிக்காலத்தில் தனியாக இருந்தால் எங்களையே புல்லுக்கடியில்தான் தேட வேண்டியிருக்கும். எனவே சூழ்ச்சியில் சிறந்தவனான நான் களத்தில் இறங்கினேன். "தரை ஒரு பக்கம் இறங்கிடுச்சும்மா, சமன் பண்றாங்க, நீ பாட்டுக்கு ரொட்டி சுடு" என்றேன். வீடு இழுக்கும் கன்டர்சன் விடியற்காலையில் பன்னிரண்டு மாடுகளோடு வந்தார்.

"அடுப்பை அணைக்காதீங்கக்கா. காப்பி ஒரு சொட்டு சிந்தினா மாட்டை நீங்களே வெச்சுக்குங்க."

சிந்தவில்லை. அம்மா மாவு பிசைய, ஜன்னலில் உலகம் மெதுவாகப் போயிற்று.

"லெம், ஆறு எங்கடா காணோம்?"

"கோடையில்லியாம்மா, வத்திப்போச்சு."

"நேத்து இருந்துதே?"

"சொல்லாமப் போயிடுச்சும்மா."

பொழுது சாய்ந்தபோது அம்மா கதவைத் திறந்தாள். எதிரே ரயில் நிலையம். "ரொட்டி வெந்துடுச்சு. கன்டர்சனைச் சாப்பிடக் கூப்பிடு" என்றாள். தாயையே வீட்டோடு கடத்திய முதல் மகன் உங்கள் மருமகன் என்று பெரிய எழுத்தில் போடவும்.

அத்தைக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உங்கள் மூட்டுவலிக்கு ஓய்வு. இப்படிக்கு, கீழ்ப்படியாத லெமுவேல்.

பின்குறிப்பு: தட்டு எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு தட்டும் துணியில் சுற்றி, நடுவில் வைக்கோல் திணித்திருந்தது. ஒரு நாளில் ஆகிற வேலையில்லை அது. கன்டர்சனைக் கேட்டேன். "உங்கம்மா ஏற்பாடு பண்ணி மூணு வாரமாச்சுடா. தானா கிளம்ப மனசு வரலையாம். பையன் ஏமாத்தினதா இருக்கட்டும்னாங்க" என்றார். அப்பாவுக்கு வழி எழுதிய பலகையை நட மறுநாள் பழைய இடத்துக்குப் போனால், அங்கே ஏற்கெனவே ஒன்று நிற்கிறது, அம்மாவின் கையெழுத்தில்: "எட்வின், தெற்கே ஐந்து மைல். சாப்பாடு சூடாக இருக்கும்." என் பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மாமா, தயவுசெய்து எதையும் அச்சில் போட வேண்டாம். ஏமாற்றியவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.